கணியம்பாடியில் வீடு வீடாகக் கேட்ட கேள்வி



நவம்பர் 17 நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் தினம். தீபத் திருவிழா நெருங்குகிற மாதம் என்பதால் நம் ஊரில் இப்படி ஒரு நாள் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதனால் இந்த முறை வலிப்பு நோயின் வரலாற்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போனால், போளூர், கண்ணமங்கலம் தாண்டியதும் கணியம்பாடி வரும். நம்மில் பலர் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருப்போம், ஒரு தடவைகூட இறங்கியிருக்க மாட்டோம். ஆனால் இந்தியாவில் வலிப்பு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிடைத்தது. அது நமக்கு அந்நியமான இடமும் அல்ல. 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளப் பட்டியலில்கூட வட ஆற்காடு என்றுதான் இருக்கும். அவர்கள் மண்ணும் தண்ணீரும் கீரைக்கட்டும்தான் நமக்கும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். 'காக்கா வலிப்பு' என்கிறோமே, அதற்கும் காக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'கால் கை வலிப்பு' என்பதுதான் வாய் வழக்கில் அப்படித் திரிந்தது. மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் சிறுசிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சில நேரம் அவற்றில் ஒரு கூட்டம் ஒரே சமயத்தில் கட்டுப்பாடில்லாமல் துடிக்கும். அதுதான் வலிப்பு. சிலர் விழுந்து கை கால் வெட்டி இழுப்பார்கள். சில பிள்ளைகள் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பிப்பார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளை வகுப்பில் 'கவனம் இல்லாதவன்' என்று திட்டுவதுதான் வழக்கம்.

பள்ளிகளில் நான் பார்த்த வைத்தியம் உங்களுக்கும் தெரியும். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் உடனே யாராவது சாவிக்கொத்து தேடி ஓடுவார்கள். கையில் இரும்பைத் திணிப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வலிப்பு நின்றுவிடும். "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுச்சு" என்பார்கள். பெரும்பாலான வலிப்பு இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவிக்கு வீணாகப் புகழ் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்குக் கையில் தாயத்து இருக்கும். அடுத்த மாதம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்று விழும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு முறை வலிப்பு வந்தது, படிப்பு நின்றது. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா டீச்சர்?" அந்த வீட்டில் நோயைவிடப் பெரிய பயம் அதுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1888இல் சென்னையில் வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் சிறுசிறு நீர்க்கட்டிகள் இருந்ததை ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் பதிவு செய்தார். நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் அவை. இந்தியாவில் இந்த நோய்க்குக் கிடைக்கும் முதல் பதிவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இறந்தவரின் மூளையில் மட்டுமே பார்க்க முடிந்த காலம் அது. உயிரோடு இருப்பவருக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்த தடயம் இங்கிலாந்தில் கிடைத்தது. இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய ஆங்கிலேயச் சிப்பாய்கள் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று வலிப்பு வந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய். ராணுவ மருத்துவர் மக்ஆர்தர் 1930களில் இதன் பின்னால் இருப்பது அதே நாடாப்புழுக் கட்டிதான் என்று காட்டினார். 1961இல் டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இருவர் இப்படிப்பட்ட 450 பேரைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். சிப்பாய்களுக்கு ராணுவ மருத்துவமனையில் பதிவேடு இருந்தது. அதே மண்ணில் வாழ்ந்த நம் மக்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

இப்போது வேலூர். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அங்கே 1949இல் ஜேக்கப் சாண்டி என்ற மருத்துவர் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டிடம் பயின்றவர் அவர். வலிப்புக்கு மூளை அறுவை சிகிச்சை செய்வதில் உலகப் புகழ் பெற்றவர் பென்ஃபீல்ட். 1952இல் வலிப்பு நோய்க்கான இந்தியாவின் முதல் அறுவை சிகிச்சையையும் ஜேக்கப் சாண்டி வேலூரில் செய்தார். நம் ஊர்களில் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மூன்று மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இது நடந்தது.

அடுத்து வந்தது சி.டி. ஸ்கேன். 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. 1980களில் நம் நாட்டிலும் பரவியது. மண்டையைத் திறக்காமலே மூளைக்குள் பார்க்கலாம் என்றானது. வலிப்பு வந்த இந்தியர்களுக்கு ஸ்கேன் எடுத்தபோது பலருடைய மூளையில் ஒரேயொரு சிறு வளையம் போன்ற புள்ளி தெரிந்தது. காசநோய் நிறைந்த நாடு அல்லவா? காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் புள்ளி மறைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி.

வேலூரில் இருந்தவர்களுக்கு இதில் சந்தேகம் வந்தது. மருந்தே கொடுக்காமலும் அந்தப் புள்ளி மறைகிறதே என்று யோசித்தார்கள். சாவிக்கொத்துக் கதைதான், பெரிய அளவில். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழு, சில நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சையில் அந்தப் புள்ளியையே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. உள்ளே இருந்தது காசநோய் அல்ல, செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் கட்டி. 1989இல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. நம் மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே ஆண்டு.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எல்லோர் மண்டையையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஸ்கேனில் புள்ளி 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளவில்லை, நோயாளியின் உடலில் வேறு இடத்தில் காசநோயோ புற்றுநோயோ இல்லை என்பது போன்ற சில அடையாளங்களை வகுத்து, அவற்றை வைத்தே அறுவை சிகிச்சை இல்லாமல் நோயைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் மூளை அறுவை சிகிச்சையிலிருந்தும் எத்தனையோ பேர் தப்பினார்கள்.

இந்தப் புழு மூளைக்கு எப்படிப் போகிறது? இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். அரைகுறையாக வெந்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுபவர் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாமலே இருக்கலாம். அவர் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளியேறும். வெட்டவெளியில் மலம் கழித்தால் முட்டை மண்ணுக்கும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் போகும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தால் சாப்பாட்டுக்குப் போகும். அந்த முட்டையை விழுங்குகிற இன்னொருவரின் குடலில் அது பொரிந்து, ரத்தத்தில் கலந்து, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்க் கட்டியாகத் தங்கும். அதாவது இறைச்சி சாப்பிட்டவருக்குப் புழு, அவர் கை பட்டதைச் சாப்பிட்டவருக்கு வலிப்பு. ஒருவருக்கே இரண்டும் வரவும் வழி உண்டு.

"நாங்க சுத்த சைவம், எங்களுக்கு இது வராது" என்பவர்களுக்காக ஓர் உதாரணம். 1990, 91இல் நியூயார்க் நகரில் வைதிக யூதர்கள் நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பன்றி இறைச்சியைத் தொடுவதையே பாவமாக எண்ணுகிற மக்கள். விசாரித்ததில், இந்தப் புழு அதிகமாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் மூலம் முட்டை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. சைவமா அசைவமா என்று முட்டை பார்ப்பதில்லை. ஒரு ஊரில் ஒருவருக்குக் கழிப்பறை இல்லை என்றால் அது அந்த ஊர் முழுவதற்குமான பிரச்சினை. வகுப்பில் நான் உங்களை வரிசையில் நிற்க வைத்துக் கை கழுவச் சொன்னது நினைவிருக்கும். அப்போது முகம் சுளித்தவர்கள் இப்போது காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கணியம்பாடி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் ஒரு நோய் ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. வலிப்பு போன்று மறைக்கப்படும் நோயில் சுத்தமாகத் தெரியாது. பஸ் காசு இல்லாதவர், தாயத்தை நம்புகிறவர், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டார், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் ராஜசேகர், அன்னா உம்மன், ஜெயப்பிரகாஷ் முளியில் முதலியோர் அடங்கிய குழு வீடு வீடாகப் போகத் தீர்மானித்தது. கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமூக நலத்துறைக்குப் பல பத்தாண்டுப் பழக்கம் உண்டு. கிராமத்தார் கதவைத் திறந்து பேசினார்கள் என்றால் அந்தப் பழக்கத்தால்தான். கிராமங்களும் வேலூர் நகரமும் சேர்த்து 50,617 பேர் கணக்கெடுக்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் 'இந்த வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டா?' என்று விசாரித்தார்கள். ஆம் என்றவர்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பிறகு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நடந்தன.

2006இல் முடிவு வெளியானது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். துல்லியமாகச் சொன்னால் 3.83. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்த நாடாப்புழுக் கட்டி.

பழைய பழக்கம், கணக்குப் போடாமல் விட முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் திருவண்ணாமலை மாவட்ட மக்கள் 24 லட்சத்து 64 ஆயிரம். அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் 9,000க்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு நோய் இருக்க வேண்டும். அதில் 3,000 பேருக்கு மேல் வராமலே தடுத்திருக்கலாம். கழிப்பறையும் சோப்பும் கழுவிய கீரையும் போதும்.

அடுத்தது பரம்பரை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். சில வாரங்களுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் போன் செய்தான். "சித்தி, பொண்ணு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா சின்ன வயசுல வலிப்பு வந்து மாத்திரை சாப்பிட்டுச்சாம். பரம்பரை நோய்ங்கறாங்க, வேண்டாம்னு சொல்லிடவா?" என்றான். அவனுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எல்லோருக்கும் சொல்கிறேன்.

சில வகை வலிப்பு பரம்பரையாக வருவது உண்மை. அதை நம் பக்கத்து மாநிலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தலையில் வெந்நீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வலிப்பு வரும். 'வெந்நீர் வலிப்பு' என்றே அதற்குப் பெயர். 1945இல் நியூசிலாந்தில் முதன்முதலாக எழுதப்பட்டாலும் உலகிலேயே அதிகம் காணப்படுவது தென் கர்நாடகத்தில். பெங்களூரில் நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி 1968இல் இதைப் பற்றி எழுதினார். 1974இல் 108 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை வெளியிட்டார். அவரே பின்னாளில் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாக வலிப்பு நோயாளிகளைக் கண்டறிந்து, விலை மலிவான பழைய மாத்திரைகளைக் கொண்டே கணிசமானவர்களுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று 2001இல் 'லான்செட்' இதழில் காட்டினார்.

அதே வெந்நீர் வலிப்பு சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ்சந்திராவும், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் மரபணு ஆய்வாளர் அனுரஞ்சன் ஆனந்தும் அந்தக் குடும்பங்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தார்கள். 2009இல், ஒரு குடும்பத்தில் 10ஆம் குரோமோசோமிலும் வேறு குடும்பத்தில் 4ஆம் குரோமோசோமிலும் காரணம் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். 2017இல் நரம்பணுக்களுக்கு இடையே ரசாயனத்தை அப்புறப்படுத்தும் ஒரு புரதத்துக்கான மரபணுவில் சில நோயாளிகளுக்கு அரிய மாற்றங்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரே நோய்க்கே குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு மரபணு! இந்த நோய் வந்தவர்களிலும் பெரும்பாலோர் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இல்லை.

வேலூர்க் குழுவினரும் மரபணுப் பக்கம் வந்தார்கள். கட்டி இருக்கிற எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லையே, ஏன்? கட்டி உயிரோடு இருக்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. அது சாகும்போது உடலின் எதிர்ப்பு சக்தி அதைத் தாக்குகிறது. அந்த வீக்கம்தான் வலிப்பைக் கிளப்புகிறது. அந்தத் தாக்குதல் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. வேலூர் நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து பார்த்து, புழுவால் வலிப்பு வந்தவர்களிடம் தனி வேறுபாடுகள் இருப்பதை 2017இல் வெளியிட்டார்கள்.

ஆகவே 'வலிப்பு என்றாலே பரம்பரை' என்பது தவறு. தலையில் அடிபட்டதால் வரலாம், பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் வரலாம், மூளைக்காய்ச்சலால் வரலாம், புழுவால் வரலாம். சிலருக்குத்தான் மரபணு. பெற்றோரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. ஒரு பெண் சின்ன வயதில் கழுவாத கீரையால் வந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டாள் என்பதற்காக அவள் ரத்தத்தையே குறை சொல்வது எந்த நியாயம்?

சட்டமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் கொண்டுவந்த திருத்தம், அடிக்கடி மனநோய் அல்லது வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்றது. வலிப்பையும் மனநோயையும் ஒரே வரியில் வைத்தார்கள். மருத்துவர்களும் வலிப்பு நோயாளிகளுக்கான அமைப்பினரும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 1999இல் 'வலிப்பு' என்ற சொல் அந்தச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது கல்யாணம் பேசுகிறோம். சட்டம் விட்டுவிட்டது, நாம்தான் இன்னும் விடவில்லை.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், சரியான மருத்துவம் கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புழுவால் வந்த ஒற்றைக் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். ஸ்கேனில் அது மறைந்ததைப் பார்த்து, மருத்துவரே மாத்திரையைக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும். 'இப்போ வரலியே' என்று நாமாக நிறுத்தக் கூடாது. கல்யாணத்துக்காக மாத்திரையை மறைத்து, முதல் வாரமே புகுந்த வீட்டில் வலிப்பு வந்து அவமானப்பட்ட பெண்களின் கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்கிறவர்களும் மனிதர்களாகக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது, மாற்றித் தருவார்.

யாராவது கண்ணெதிரே வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கல், கம்பிகளை அகற்றுங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108க்கு போன் செய்யுங்கள். கிரிவலக் கூட்டத்தில் இப்படி நடந்தால் சுற்றி நிற்கும் ஆட்களை விலக்கிக் காற்று விடுவதே பெரிய உதவி. சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்தால், அவன் எழுந்த பிறகு மற்ற பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். மாலையில் அவன் வீட்டுக்குப் போய், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மறுநாள் பதிவேட்டில் அவன் பெயரைக் கூப்பிடும்போது அவன் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து, பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது. எங்கே போய்க் காட்டுவது என்று விசாரித்துச் சொல்கிறேன், தேவைப்பட்டால் கூடவும் வருகிறேன்.

அனைவருக்கும் என் அன்பும் ஆசியும்.